சாலைக் கடைத்தெருவும் புதிய பேரங்காடியும்

ஆண்டுதோறும் நம் சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அன்பர்கள் பணிப்பதும், கோயில் வரலாறோ புலவர் வரலாறோ எழுதிக் கொடுத்துக் கடமையை முடித்துக்கொள்வதும் நம் வழக்கம். இவ்வாண்டு பலசரக்கு வாங்கும் வரலாற்றை எழுதத் துணிந்தோம். அடுப்பங்கரைச் செய்தி மலரில் ஏறுவதா என்று சிலர் நகைக்கலாம். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்களுக்கு அரிசியும் பருப்பும் எங்கே, யாரிடம், எந்த நம்பிக்கையின் பேரில் கிடைத்தன என்பதும் எழுதி வைக்கத்தக்க வரலாறே ஆகும்.

இவ்வெண்ணம் தோன்றிய விதத்தை முதலிற் கூறிவிடுகிறோம். 2021ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், நம் நகரின் ஆக்குளத்தில், புறவழி நெடுஞ்சாலையை ஒட்டி எழுந்த லுலு வணிக வளாகத்தைக் கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் திறந்துவைத்தார். வளாகம் ஏறத்தாழ 20 இலட்சம் சதுர அடி என்றும், அதனுள் பலசரக்குப் பேரங்காடி மட்டும் 2 இலட்சம் சதுர அடி என்றும் செய்தித்தாள்கள் எழுதின. நம் காலனியில் அந்நாட்களில் வேறு பேச்சே இல்லை. 2022 பொங்கலுக்கு முந்திய ஞாயிறன்று நாங்களும் குடும்பத்தோடு பேருந்து ஏறிச் சென்றோம். எழுபதை எட்டிய எம் அன்னையாரும் உடன் வந்தார்.

நியூசிலாந்துக் கிவிப் பழமும், அமெரிக்க ஆப்பிளும், ஸ்பெயின் நாட்டு ஆலிவ் எண்ணெயும், அரபு நாட்டுப் பேரீச்சையும் அடுக்கடுக்காய் நின்றன. குழந்தைகள் அங்குமிங்கும் ஓடினர். அன்னையாரோ தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றுவிட்டு, “எல்லாவற்றிலும் விலையை எழுதி ஒட்டியிருக்கிறார்களே, இங்கே யாரிடமப்பா விலை கேட்பது?” என்று வினவினார்.

நாம் சிரித்தோம். வீடு திரும்பிய பின்னரும் அவ்வினா நம்மை விடவில்லை. அதற்கு விடை தேடிப் பழைய நூல்களையும், சாலைக் கடைத்தெருவின் முதியோர் சிலரையும் நாடினோம். அவ்வாறு அறிந்தவற்றுள் சிலவற்றை இங்கே தொகுத்துரைக்கின்றோம்.

பண்டைத் தமிழர் அங்காடி

பல நாட்டுப் பொருள் ஓரிடத்திற் குவிவது தமிழர்க்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களிற் குவிந்த பொருள்களை வரிசையாகக் கூறுகிறது. கடல்வழி வந்த குதிரைகள், வண்டிகளில் வந்த மிளகு மூட்டைகள், மேற்கு மலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழைக்கடற் பவளம், கங்கைக் கரைப் பொருள்கள், ஈழத்து உணவு வகைகள் என அப்பட்டியல் நீள்கிறது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியோ பகலில் நடக்கும் நாளங்காடியையும் இரவில் நடக்கும் அல்லங்காடியையும் வருணிக்கிறது.

சேர நாட்டு முசிறியிலிருந்து மேலை நாட்டிற்குச் சென்ற கப்பலொன்றின் சரக்குக் கணக்கு, பாப்பிரசுத் தாளில் எழுதப்பட்டு, இன்றும் வியன்னா நகரிற் காக்கப்படுகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினதாகிய அத்தாளில், கங்கைக் கரை நறுமணப் பொருளும், யானைத் தந்தமும், துணியும் எடையோடும் மதிப்போடும் குறிக்கப்பட்டுள்ளன. பார்சல் அலுவலகத்தில் எடைச்சீட்டு எழுதிப் பிழைக்கும் நமக்கு, அக்கணக்கை எழுதிய கரத்தின் மீது தனியொரு நேசம் உண்டு. பேரரசர்கள் மறைந்தனர், கணக்கன் எழுதிய தாள் நின்றது.

சாலை பிறந்த கதை

இனி நம் நகருக்கு வருவோம். திருவிதாங்கூரை 1758 முதல் 1798 வரை ஆண்டவர் தர்மராஜா எனப் புகழ்பெற்ற கார்த்திகைத் திருநாள் இராமவர்மா. அவர் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மாறியது. அரண்மனையும் கோயிலும் படையும் அலுவலரும் ஓரிடத்திற் கூடிய பின், அவர்கட்கெல்லாம் சோறு வேண்டுமன்றோ? அதற்கு வழி செய்தவர் திவான் இராஜா கேசவதாசர். இன்றைய குமரி மாவட்டத்து விளவங்கோட்டுப் பகுதியிற் பிறந்தவர் அவர்; இளமையில் ஒரு வணிகரிடம் கணக்கு எழுதிப் பழகியவர் என்று வரலாறு கூறுகிறது. கடைக் கணக்கு எழுதியவர் திவான் ஆனதால், நாட்டிற்குக் கோட்டை மதிலைப் போலவே கடைத்தெருவும் தேவை என்பதை அறிந்திருந்தார். ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்தவரும் அவரே. கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளியாற்றை நோக்கி நீளும் சாலைக் கடைத்தெரு அவர் முயற்சியால் எழுந்தது.

தெரு எழுந்தாற் போதாது, வணிகர் வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும், நாஞ்சில் நாட்டிலிருந்தும் தமிழ் வணிகர் வந்து குடியேறினர். மாட்டுவண்டிகளில் நெல்லும் பருப்பும் மிளகாயும் கருப்பட்டியும் வந்தன. தேங்காயும் மிளகும் பாக்கும் கயிறும் திரும்பிப் போயின. இன்றும் அங்கே கொத்துவால் தெரு, சபாபதி கோயில் தெரு, ஆரியசாலை, கருப்பட்டிக்கடை என்னும் பெயர்கள் வழங்குகின்றன. கருப்பட்டிக்கடை என்னும் சந்தியிற் பேருந்துக்குக் காத்து நிற்கும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்த்திருப்பர்? நாம் ‘பலசரக்கு’ என்கிறோம்; மலையாள அன்பர் ‘பலசரக்கு’ என்றே சொல்கின்றனர். கடைத்தெருவில் இரு மொழியும் ஒரே சாக்கிற் கட்டப்பட்ட சரக்குப் போலக் கலந்து கிடந்தன.

அளவும் நாணயமும் அக்காலத்தில் வேறு. நான்கு நாழி ஓர் இடங்கழி. பத்து இடங்கழி ஒரு பறை. பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆங்கிலேயர் ரூபாயோ இருபத்தெட்டரைச் சக்கரம். நெல்லைச் சீமையின் படியையும் மரக்காலையும், இவ்வூர் இடங்கழியையும் பறையையும், இரு வகை ரூபாயையும் மனத்திலேயே மாற்றிக் கணக்கிட வல்லவரே சாலையிற் கடை நடத்த இயலும்.

புகைவண்டி பிறகு வந்தது. செங்கோட்டையிலிருந்து கொல்லம் வரை 1904இல் பாதை முடிந்தது. கொல்லத்திலிருந்து 1918இல் திருவனந்தபுரத்துச் சாக்கை வரையிலும், 1931இல் தம்பானூர் வரையிலும் அது நீண்டது. தம்பானூரில் இறங்கிய மூட்டை சாலைக்கு வருவதற்கு அரை நாழிகை போதும். புகைவண்டியோடு நம்மவருள் இன்னொரு கூட்டமும் வந்தது. அவர்கள் சரக்கு விற்க வந்தவரல்லர். சரக்கிற்குச் சீட்டு எழுத வந்தவர்கள். நம் காலனியின் மூத்த குடும்பங்கள் அவ்வாறு வந்தவையே.

கடல் கடந்து வந்த காய்கள்

புதிய பேரங்காடியில் வெளிநாட்டுப் பொருள்களைக் கண்டு வியந்தோம் என்றோம். நம் அடுக்களையில் உள்ளவற்றுள் எவை உள்நாட்டுப் பொருள் என்று ஆராயப் புகுந்தபோது வியப்பு இன்னும் மிகுந்தது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதைக் கொணர்ந்தவர் போர்ச்சுகீசியர். அதுவரை நம் முன்னோர்க்கு உறைப்பு என்றால் மிளகே. மிளகைப் போல் உறைக்கும் காய் ஆதலின் மிளகாய் என்று பெயரிட்டு வீட்டிற் சேர்த்துக்கொண்டனர். முந்திரி, அன்னாசி, பப்பாளி, உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியனவும் அக்கண்டத்திலிருந்து வந்தவையே. தக்காளியும் மிளகாயும் இல்லாத சாம்பாரை இன்று எந்த வீட்டில் உண்பர்?

மரச்சீனிக் கிழங்கின் கதை இந்நாட்டிற்கே உரியது. அதுவும் தென்னமெரிக்கப் பயிர். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைத் திருவிதாங்கூரில் பரப்ப ஊக்கம் அளித்தார். அறுபது ஆண்டுகளுக்குப் பின் அதன் பயன் விளங்கிற்று. இரண்டாம் உலகப் போரில், 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூருக்கு அரிசி வரவு நின்றது. சோற்றுக்கு வழியற்ற வீடுகளில் அடுப்பேறியது அக்கிழங்கே. பசித்த காலத்தில் உணவளித்த பின் ஒரு பயிரை அயல்நாட்டுப் பயிர் என்று யார் சொல்வார்?

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப்பட்ட நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்று முதல் வேறு மாநிலம் ஆயின. தமிழர் பல்லாண்டு வேண்டிப் போராடிப் பெற்றது அது. ஆயினும் நெல் மூட்டைக்கு எல்லை தெரியாதே! நேற்றுவரை உள்நாட்டுச் சரக்காக வந்தது மறுநாள் அயல்மாநிலச் சரக்கு ஆயிற்று. சாலையில் இருந்த நம்மவரும் ஒரே இரவில் இவ்வூரில் அயலார் ஆயினர். ஆயினும் அவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விடவில்லை. மறுநாட் காலையிலும் கடை திறந்தனர்.

கதவு யாருக்குத் திறந்தது?

பழமையைப் புகழ்வோர் ஒன்றை மறைக்கலாகாது. அன்றைய சந்தைகளும் அவற்றிற்குச் செல்லும் வழிகளும் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. தாழ்த்தப்பட்ட மக்கள் விளைவித்த நெல்லும் காயும் சந்தைக்கு வரலாம். விளைவித்தவர் வரலாகாது என்பது அக்காலத்துக் கொடிய வழக்கம். தொலைவில் நின்று, பொருளை வைத்துவிட்டு விலகி, எறிந்த காசைப் பொறுக்கிக்கொள்ள வேண்டிய நிலை பல இடங்களில் இருந்தது.

வெங்ஙானூரில் 1863இற் பிறந்த அய்யன்காளி இதை எதிர்த்தார். தம் இனத்தவர்க்கு மறுக்கப்பட்ட பொதுவழியில், 1893இல் வில்வண்டி பூட்டி, தலைப்பாகை கட்டி, ஏறிச் சென்றார். பின்னர்த் தோழரோடு சந்தையை நோக்கி நடந்தபோது பாலராமபுரத்தில் பெருங்கலகம் மூண்டது, குருதி சிந்தியது. அரிசியும் உப்பும் வாங்க நடந்து போவதற்கு இரத்தம் சிந்த வேண்டியிருந்த நாடு இது. கோயில் நுழைவுப் பேரறிக்கை வந்த 1936 நவம்பர் 12ஆம் நாளை நாம் நன்கு அறிவோம். கோயில் வாயிலுக்கு முன்னரே சந்தை வாயிலுக்காக ஒரு போர் நடந்ததை நம் பிள்ளைகட்கும் சொல்ல வேண்டும்.

புதிய பேரங்காடியின் வாயில் தானே திறந்து தானே மூடுகிறது. யார் எவர் என்று அது கேட்பதில்லை. இந்த ஒரு சிறப்பிற்காகவே அதனை வாழ்த்தலாம். சாலையின் அருமையைப் பேசும்போது இந்த உண்மையையும் உடன் வைத்தே பேச வேண்டும்.

ஒரு பற்றேட்டின் கதை

இது நிற்க. எம் குடும்பக் கதை ஒன்றை இங்குச் சொல்ல இசைவு வேண்டுகிறோம். இதனுள்ளும் வரலாறு உண்டு.

1974ஆம் ஆண்டு மே 8 முதல் 27 வரை நாடெங்கும் இரயில்வே ஊழியர் வேலைநிறுத்தம் நடந்தது. பல இலட்சம் ஊழியர் அதிற் பங்கு கொண்டனர். எம் தந்தையாரும் ஒருவர். நாம் அப்போது பிறந்திலோம். எம் தமக்கையார் கைக்குழந்தை. வேலைநிறுத்தத்தின் சரி தவறு பேசுவது நம் நோக்கமன்று. அதன் பின் பல மாதம் எங்கள் வீட்டிற்குச் சம்பளம் வரவில்லை என்பது மட்டும் இங்கு வேண்டப்படுவது.

சாலையிலே எங்கள் வீட்டிற்குப் பற்றுவரவு இருந்த கடை ஒன்று உண்டு. கடைக்காரர் வள்ளியூர்ப் பக்கத்தவர். காலனியார் எல்லார்க்கும் அவர் அண்ணாச்சி. ஜூன் மாதம் முதல் வாரம் தந்தையார் கடைக்குப் போகக் கூசினார். அன்னையார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெறும் பையோடு போய்க் கடையோரம் நின்றார். கூட்டம் கலையும்வரை அண்ணாச்சி அவரைக் கவனியாதவர் போல் இருந்தார். பிறகு, “என்ன தங்கச்சி, இந்த மாதச் சாமான் சீட்டைக் காணோமே?” என்றார். அன்னையாரால் வாய் திறக்க முடியவில்லை. “சம்பளம் வரும்போது வரட்டும். பிள்ளை பசித்திருக்கலாகாது. சீட்டு இல்லாவிட்டால் என்ன, உங்கள் வீட்டுக் கணக்கு எனக்குத் தெரியாதா?” என்று கூறி, அரிசி முதல் உப்பு வரை தாமே நிறுத்துக் கட்டிக் கொடுத்தார். பற்றேட்டில் எழுதினார், அன்னையாரின் கைந்நாட்டோ கையொப்பமோ கேட்கவில்லை.

இவ்வாறு பத்து மாதம் சென்றது. 412 ரூபாய் 35 காசு பற்று ஏறிற்று. அந்நாளில் எழுத்தர் குடும்பத்திற்கு அது சிறு தொகையன்று. சம்பளம் மீண்ட பின் சிறுகச் சிறுகக் கொடுத்துத் தீர்த்த நாளில், அண்ணாச்சி அந்தத் தாளைப் பேரேட்டிலிருந்து கிழித்துத் தந்தையாரிடமே கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் அது இன்றும் இருக்கிறது. வட்டி என்ற ஒரு வரி அதில் இல்லை.

அண்ணாச்சி துறவியுமல்லர், வள்ளலுமல்லர், வணிகரே. திருநெல்வேலி, விருதுநகர் மண்டிக்காரர் அவருக்குத் தவணைக்குச் சரக்கு அனுப்பினர். அவர் நமக்குத் தவணைக்குக் கொடுத்தார். ஒருவர் சொல் மீது மற்றொருவர் வைத்த நம்பிக்கையே அச்சங்கிலியின் கண்ணிகள். அதில் குறையும் உண்டு. பற்றில் வாங்குவோர் விலை பேச முடியாது. கொடுத்த அரிசியை வாங்கிக்கொள்ள வேண்டும். ரொக்கக்காரர்க்கு ஒரு விலை, பற்றுக்காரர்க்கு மற்றொரு விலை என்பதும் கடைத்தெருவில் நடந்ததே. கடைக்காரருக்கு அறிமுகமில்லாத ஏழைக்குப் பற்றேடும் இல்லை. இவ்வளவும் தெரிந்தே சொல்கிறோம்: அந்தப் பத்து மாதம் எங்கள் வீட்டு உலை கொதித்தது ஒரு மனிதர் மற்றொரு மனிதரை அறிந்திருந்த காரணத்தால்.

தானே எடுத்துக்கொள்ளும் கடை

இனிப் பேரங்காடி பிறந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். முற்காலத்தில் எந்நாட்டிலும் வாங்குவோர் ஒருபுறம் நிற்க, கடைக்காரரே எடுத்துக் கொடுப்பது வழக்கம். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1916இல் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் திறந்த கடையில்தான், வாங்குவோர் தாமே உள்ளே சுற்றிப் பொருளை எடுத்துக்கொண்டு, வாயிலிற் பணம் கொடுத்துச் செல்லும் முறை முதன்முதல் ஏற்பட்டது. 1937இல் ஓக்லஹோமா நகரில் தள்ளுவண்டி வந்தது. கைக்கூடை நிறைந்ததும் வாங்குவதை நிறுத்திக்கொள்வோர், வண்டி வந்த பின் நிறுத்தவில்லை. பொருளின் மேல் கறுப்புக் கோடுகளை அச்சிட்டு, பொறியே அதைப் படித்துக் கணக்கிடும் முறை, 1974 ஜூன் 26ஆம் நாள் ஓஹையோ மாநிலத்து டிராய் என்னும் ஊரில் ஒரு கடையில் முதலில் நடைமுறைக்கு வந்தது. அன்று அப்பொறி படித்த முதற் பொருள் ஒரு மெல்லும் கோந்துப் பொட்டலம். அதே ஜூன் மாதத்தில்தான் சாலையிலே அண்ணாச்சி எம் அன்னையாரின் பெயரில் பற்று எழுதிக்கொண்டிருந்தார்.

நம் நாட்டிலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. கேரள அரசு 1974இல் சிவில் சப்ளைஸ் கழகத்தை நிறுவியது. மாவேலிக் கடைகள் அதன் வழி வந்தவை. 1990களில் நம் நகரிலேயே தொடங்கிய ‘மார்ஜின் ஃப்ரீ’ கடைகள், இலாபம் குறைத்து விற்பதாகச் சொல்லிச் சாலைக்குச் சென்ற காலனிப் பெண்மணிகளைத் தம்பக்கம் திருப்பின. மற்றொரு பக்கம், 1970கள் தொட்டு மலையாள இளைஞர் வளைகுடா நாடுகளுக்குச் சென்றனர். திருச்சூர் மாவட்டத்து நாட்டிகையைச் சேர்ந்த எம். ஏ. யூசுப் அலி 1973இல் அபுதாபிக்குச் சென்றவர். அவருடைய நிறுவனத்தின் முதற் பேரங்காடி 2000இல் துபாயில் திறக்கப்பட்டது. 2013இல் கொச்சியிலும் 2021இல் இங்கும் அது வளர்ந்தது. பிழைப்புத் தேடிப் புறப்பட்டவர் அயலூரிற் கடை வைத்து, அக்கடையோடு ஊர் திரும்பிய கதை இது. நெல்லைச் சீமையிலிருந்து சாலைக்கு வந்த நம் முன்னோரின் கதையும் இதற்கு அண்டை வீட்டுக் கதையே ஆதலின், இதைக் கண்டு காழ்ப்புக் கொள்ள நமக்கு ஏதுமில்லை.

விலைச்சீட்டு மேடையில்

அன்று பேரங்காடியில் நடந்த இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்னையார் அங்கே முருங்கைக்கீரை ஒரு பொட்டலமாகக் கட்டி விலை ஒட்டி வைத்திருந்ததைக் கண்டு, “கீரைக்குமா இவ்வளவு?” என்று உரக்கவே சொல்லிவிட்டார். எம் மகன் வெட்கி அப்பாற் போனான். பிறகு ஒரு மூலையிற் கருப்பட்டியைக் கண்டார். ஒரு பெட்டி எடுத்து முகர்ந்து பார்த்தார். சாமான் அதிகம் வாங்கவில்லை. ஒரு பெட்டி கருப்பட்டியும், குழந்தைகட்குப் பழமும், ஒரு ரொட்டியும் வாங்கி, விலைச்சீட்டு போடும் மேடைக்கு வந்தோம்.

மேடையில் நின்ற பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். மலையாளத்தில் தொகை சொன்னாள். அன்னையார் எம்மிடம் தமிழிற் பேசுவதைக் கேட்டவள், கருப்பட்டியைக் கையிலெடுத்துக்கொண்டே, “பாட்டிக்கு நாகர்கோவில் பக்கமா?” என்று நம் தமிழிற் கேட்டாள். அன்னையார் முகம் மலர்ந்தது. களியக்காவிளைக்கு அப்பால் ஓர் ஊரிலிருந்து நாள்தோறும் வருகிறாளாம். விடியுமுன் எழுந்து பேருந்து பிடித்து வந்து, இரவு திரும்புகிறாளாம். “நிற்க முடிகிறதா அம்மா?” என்றார் அன்னையார். “உட்கார நாற்காலி இருக்கிறது பாட்டி, கூட்டம் இல்லாதபோது உட்காரலாம்” என்றாள் அவள்.

அந்த நாற்காலிக்கும் ஒரு வரலாறு உண்டு. கேரளத்தில் கடைகளில் வேலை செய்த பெண்கள், நாள் முழுதும் நின்றே பணியாற்றும் கொடுமையை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினர். அதன் பயனாய் 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தி, கடைப் பணியாளர்க்கு அமரும் உரிமையை வழங்கியது. தமிழ்நாடு 2021இல் அவ்வழியே சட்டம் இயற்றியது. சந்தைக்கு நடந்து செல்லும் உரிமைக்கு அய்யன்காளி போராடினார். சந்தைக்குள் சற்று அமரும் உரிமைக்கு இப்பெண்கள் போராடினர். அங்காடி எவ்வளவு பெரிதாயினும் அதனுள் நிற்பவர் மனிதரே என்பதை இவ்விரு போராட்டங்களும் நமக்கு உணர்த்துகின்றன.

அவள் சொன்னது எமக்கு மகிழ்ச்சியும் தந்தது. ஒரு சிந்தனையும் தந்தது. நம்மவர் முன்னாளில் எல்லை கடந்து வந்தபோது சாலையிலே கல்லாப்பெட்டியின் முன் முதலாளியாய் அமர்ந்தனர். இன்று எல்லை கடந்து வரும் பிள்ளை சம்பளத்திற்கு விலைச்சீட்டு போடுகிறாள். அவள் உழைப்பு இழிவன்று, நாமும் சம்பளக்காரரே. எனினும் தனக்கெனப் பற்று எழுதும் உரிமை அவள் கையில் இல்லை. வெறும் பையோடு ஒரு தாய் அவள் முன் வந்து நின்றால், அவள் மனம் இரங்கினாலும் பொறி இரங்காது. யாரிடம் விலை கேட்பது என்ற அன்னையாரின் வினாவின் பொருள் அப்போதே விளங்கிற்று. விலை கேட்பது, வீட்டு நிலைமையை ஒருவரிடம் சொல்லத் தொடங்குவதற்கு ஒரு வாயில். அந்த வாயில் புதிய அங்காடியில் இல்லை.

நாம் செய்யக் கூடுவன

இதனாற் பேரங்காடிக்குப் போகலாகாது என்று சொல்ல வந்தோமல்லோம். நாங்களும் அதன் பின் பலமுறை சென்றுவந்தோம். பொருள் தூயது; விலை எழுதியபடியே; யார்க்கும் ஒரே முறை. காலம் கொணர்ந்ததைக் கதவடைத்துத் தடுக்க இயலாது. ஆனால் சாலை தேய்வதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருப்பதும் தகாது. எம் தந்தையார் காலத்தில் அத்தெருவில் தமிழில் எழுதிய பெயர்ப்பலகைகள் பல இருந்தன என்பர்; நாம் சென்ற திங்கள் நடந்து பார்த்தபோது விரல்விட்டு எண்ணும் அளவே கண்டோம். அண்ணாச்சியின் கடை இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் வாளிகள் விற்கிறார்கள். அவர் மக்கள் படித்து வேறு தொழிலுக்குப் போய்விட்டனர். அதுவும் நன்மையே, ஆயினும் அவர் நினைவில் இருந்த அத்தனை குடும்பங்களின் கதையும் அவரோடு போயிற்று.

ஆதலின் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, சாலையில் இன்னும் எஞ்சியுள்ள தமிழ் வணிகக் குடும்பத்து முதியோரைக் கண்டு, அவர் முன்னோர் எவ்வூரினின்று எப்போது வந்தனர், என்ன விற்றனர் என்பவற்றைக் கேட்டு எழுதி வைக்க இளைஞர் இருவரையேனும் அமர்த்த வேண்டும். இரண்டாவது, வீடுகளிற் கிடக்கும் பழைய பேரேடு, பற்றுச்சீட்டு, கடை விளம்பரம் ஆகியவற்றைப் பழந்தாள் கடைக்குப் போடாமல் சங்க நூலகத்திற் சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டுத் தாளை இம்மலர் வெளியாகும் நாளிலேயே கொடுத்துவிடுகிறோம். மூன்றாவது, ஒவ்வொரு குடும்பமும் திங்கள் ஒருமுறையேனும் பிள்ளைகளைச் சாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஒரு படி பருப்பாவது அவர்களே விலை கேட்டு வாங்கட்டும். கேட்கப் பழகாத பிள்ளைக்குக் கேட்கும்போது இரங்கவும் தெரியாது.

இக்கட்டுரையை எழுதுவதற்காகத் தகரப்பெட்டியைத் திறந்தோம். பேரங்காடியில் அன்று கொடுத்த விலைச்சீட்டையும் அன்னையார் நினைவுக்காக அதிலே போட்டு வைத்திருந்தார். அது வெப்பத்தால் எழுத்துப் பதியும் தாள். எழுத்து முழுதும் மங்கி வெள்ளையாகிவிட்டது. அதன் கீழே அண்ணாச்சியின் பற்றேட்டுத் தாள் பழுத்துக் கிடந்தது. நீல மை சற்றே பரவியிருந்தாலும் ஒவ்வொரு வரியும் படிக்கக் கூடியதாய் இருந்தது. அரிசி, துவரம்பருப்பு, மிளகாய், உப்பு, மண்ணெண்ணெய், கடைசி வரியில், வேறொரு கைக்கு எழுதியது போல் பெரிய எழுத்தில், ‘பிள்ளைக்குக் கற்கண்டு, கணக்கில் இல்லை’ என்றிருந்தது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார் எம் அன்னையார். நினைப்பதற்கு முதலில் எழுதி வைக்க வேண்டும். எழுத்தர் தொழில் செய்யும் நம்மால் இயன்ற சிறு கைம்மாறு இக்கட்டுரை.